உடலுக்குள் ஒரு மருந்துச்சாலை

நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் குருக்களிடம் பங்கு மக்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ஆண்டுகள் பல கழிந்தும் மாறவேயில்லை. "சாமி, ஆண்டவர் அனுப்பிய வலியை மருந்து கொடுத்து அடக்குவது சரிதானா? அது சிலுவையைத் தட்டிக் கழிப்பது ஆகாதா?" என்பதே அது. கேட்பவர்கள் கல்நெஞ்சர் அல்லர். தாயையோ தந்தையையோ இரவு பகலாகக் கண் விழித்துக் காப்பவர்கள்தாம் இதனைக் கேட்கிறார்கள். ஆகவே இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. திருச்சபையின் போதனையைக் கொண்டு இதற்கு விடை கூறுவது நம் வழக்கம். ஆயினும், படைத்தவர் நம் உடலிலேயே எழுதி வைத்த விடை ஒன்றும் உண்டு. அதனை விஞ்ஞானிகள் சிறிது சிறிதாகப் படித்து வருகிறார்கள். நம் குடும்பங்களும் அதனை அறிந்துகொள்வது நலம்.

குருமாவுக்கு அரைத்துச் சேர்க்கும் கசகசாவை அறியாத வீடு இல்லை. அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. வலியை அடக்கும் சத்தை அபினிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய மருந்தாளுநரான செர்ட்யூர்னர். கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியூஸின் பெயரால் அது மார்ஃபின் என வழங்கலாயிற்று. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் சுவீடனிலும் ஆய்வாளர்கள் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். மூளையின் நரம்பணுக்களில், மார்ஃபின் சென்று பொருந்துவதற்கு ஏற்ற ஏற்பிகள் உள்ளன என்பதே அச்செய்தி. சாவிக்கு ஏற்ற பூட்டு என்று கொள்ளலாம். எங்கோ ஒரு வயலில் விளையும் செடியின் பாலுக்காகவா மனித மூளையில் பூட்டு அமைக்கப்பட்டது? அவ்வாறு இருத்தல் இயலாது. உடலே தனக்கென ஒரு சாவியைச் செய்துகொள்கிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

அந்தச் சாவியைத் தேடியவர்களில் இருவர் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில் இருந்தனர். ஒருவர் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ். யூத வழியினர் என்பதால் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். எழுபது வயதைக் கடந்த முதியவர். மற்றவர் ஜான் ஹியூஸ் என்னும் இளைஞர். இளையவர் அதிகாலையில் சைக்கிளில் இறைச்சிக் கூடத்திற்குச் சென்று பன்றி மூளைகளை வாங்கி வருவார். அவற்றின் சாற்றை, கண்ணாடிக் கலத்தில் துடித்துக்கொண்டிருக்கும் கினிப் பன்றிக் குடல் துண்டின்மேல் விடுவார்கள். மார்ஃபின் பட்டால் எவ்வாறு அத்துடிப்பு அடங்குமோ, அவ்வாறே மூளைச் சாறு பட்டும் அடங்கிற்று. 1975-இல் அச்சாற்றினுள் இருந்த பொருளின் அமைப்பை வெளியிட்டனர். ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலைகள் இரண்டு. தலைக்குள் உள்ளது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அவற்றுக்கு என்கெஃபலின் என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டே ஒட்டகத்தின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து 31 அமிலங்கள் கொண்ட பீட்டா எண்டார்ஃபின் அறியப்பட்டது. 1979-இல் டைனார்ஃபின் என்னும் மூன்றாவது இனம் வெளிப்பட்டது. பெப்டைடு எனப்படும் இச்சிறு மாலைகள்தாம் நம் உடலின் சொந்த மார்ஃபின்.

இவை எங்கிருந்து வருகின்றன? ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணு என்னும் எழுத்துச் சுவடி உண்டு. எந்தப் பொருளை எவ்வாறு செய்வது என்னும் குறிப்பு அதில் அடங்கியிருக்கிறது. ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஷோசாகு நூமாவின் குழுவினர் 1979-லும் 1982-லும் இம்மூன்று இனங்களுக்கும் உரிய மூன்று மரபணுக் குறிப்புகளைப் படித்தறிந்தனர். அங்கேயும் ஒரு வியப்புக் காத்திருந்தது. மரபணு நேரே மருந்தைச் செய்வதில்லை. முதலில் ஒரு நீண்ட புரதத்தைச் செய்கிறது. பின்னர், என்சைம்கள் அதனைத் தையற்காரர் துணியை வெட்டுவதுபோல் உரிய இடங்களில் வெட்டுகின்றன. ஒரு நீண்ட புரதத்திற்குள் என்கெஃபலின் ஏழு முறை அடங்கியிருக்கிறது. மற்றொன்றில், பீட்டா எண்டார்ஃபினோடு, ஆபத்துக் காலத்தில் உடலைத் தட்டி எழுப்பும் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனும் சேர்ந்தே இருக்கிறது. காயம்பட்டவனுக்கு ஓடித் தப்பும் வலிமையும் வலியைத் தாங்கும் ஆற்றலும் ஒரே சுவடியில் எழுதப்பட்டிருக்கின்றன என்றால், அதனை எழுதியவரின் அறிவை என்னென்பது!

இனி, நம் சிந்தனைக்கு முக்கியமான இடத்திற்கு வருகிறோம். சுவடி எப்போதும் திறந்தே கிடப்பதில்லை. அதனைத் திறக்கவும் மூடவும் காவலர் உண்டு. அதிர்ச்சி நேரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து ஒரு தூது பிட்யூட்டரி சுரப்பிக்குச் செல்கிறது. எண்டார்ஃபினுக்குரிய மரபணு அங்கே மும்முரமாகப் படிக்கப்படுகிறது. அதனோடு பிறந்த ஏ.சி.டி.எச்., சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, அங்கே கார்ட்டிசால் சுரக்கிறது. அந்தக் கார்ட்டிசாலே இரத்தத்தின் வழியே திரும்பி வந்து, "போதும்" என்பதுபோல் அம்மரபணுவை அடக்கிவிடுகிறது. வேலைக்காரன் வேலை முடித்துவிட்டுத் தானே விளக்கை அணைப்பதற்கு ஒப்பானது இது.

டைனார்ஃபினின் காவலரை 1999-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். அது ட்ரீம் என்னும் ஒரு புரதம். அது மரபணுவின்மேல் அமர்ந்து, படிக்கவொட்டாமல் தடுத்துக்கொண்டிருக்கும். நரம்பணு தூண்டப்பட்டு உள்ளே கால்சியம் பெருகினால், ட்ரீம் அதனைப் பற்றிக்கொண்டு தன் இருக்கையை விட்டு எழும், சுவடி திறக்கும். இக்காவலர் இல்லாத சுண்டெலிகளைக் கனடாவில் டொரான்டோ நகர ஆய்வாளர்கள் 2002-இல் சோதித்தபோது, அவற்றின் தண்டுவடத்தில் டைனார்ஃபின் மிகுந்திருந்தது. அவை வலியைக் குறைவாகவே உணர்ந்தன.

ஆண்டவர் ஏன் அந்தக் காவலரை நீக்கிவிடவில்லை என்று சிலர் கேட்கலாம். வலியே அறியாத குழந்தை அடுப்பில் கை வைத்தாலும் எடுக்காது. வலி ஓர் எச்சரிக்கை மணி. அது ஒலிக்கவும் வேண்டும்; ஒலித்து முடிந்தபின் அடங்கவும் வேண்டும். ஓயாமல் ஒலிக்கும் மணி யாரையும் எச்சரிப்பதில்லை. வீட்டாரைப் பித்தராக்குவதே அதன் வேலையாகிவிடும். முற்றிய புற்றுநோயின் வலி அத்தகையது. உடலின் சொந்த மருந்துச்சாலை தன்னால் இயன்றதைச் செய்தும் அது போதாமற்போகிறது. அந்நேரத்தில் மருத்துவர் தரும் மார்ஃபின், படைத்தவர் அமைத்த அதே பூட்டில்தான் சென்று பொருந்துகிறது. அவர் தொடங்கிய வேலைக்கே அது துணை நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கில் ஒரு வீட்டிற்கு நற்கருணை கொண்டு சென்றோம். மார்பில் புற்றுநோய் கண்ட மூதாட்டி. மாதா பக்தியில் ஊறியவர். அன்று செபம் சொல்லவும் அவருக்கு நா எழவில்லை. முனகல் ஒன்றே கேட்டது. மருத்துவர் எழுதித் தந்த மார்ஃபின் மாத்திரைகள் பீரோவில் பூட்டப்பட்டிருந்தன. "அம்மா அதற்கு அடிமையாகிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, சாமி" என்றார் மூத்த மகன். "ஆண்டவரே கல்வாரியில் மயக்கம் தரும் இரசத்தை வேண்டாம் என்றாரே. அக்கா தன் வலியை ஒப்புக்கொடுக்கட்டும்" என்றார் மூதாட்டியின் தங்கை.

இரண்டுக்கும் விடை சொன்னோம். உடல் ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு; மனிதன் அதற்கு அடிமையாவது வேறு. கடும் வலிக்கு மருத்துவர் அளந்து கொடுப்பதை நேரந்தவறாமல் உண்பவர் போதையைத் தேடி உண்பவர் அல்லர். மலச்சிக்கல், உறக்கம் போன்ற துன்பங்கள் வரலாம். அவற்றுக்கும் மருத்துவரிடம் வழி உண்டு. ஆண்டவர் மறுத்தது தமக்கெனத் தரப்பட்ட இரசத்தையே. தம்மிடம் வந்த நோயாளி எவரையும் பார்த்து, "தாங்கிக்கொள்" என்று சொல்லி அவர் அனுப்பிவிடவில்லை. அவர் கூறிய உவமையில் நல்ல சமாரியன் காயத்தின்மேல் எண்ணெயும் இரசமும் வார்த்தான் அன்றோ? தன் வலியைத் தானே விரும்பி ஏற்பது புண்ணியம். பிறருடைய வலியை அவர் சார்பில் நாம் ஏற்றுக்கொள்வது புண்ணியமாகாது. அந்த மூதாட்டியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நாம் குனிந்து கேட்டோம். "குடுக்கச் சொல்லுங்க சாமி" என்றார்.

அடுத்த வாரம் சென்றபோது சாய்ந்து அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனம் செய்தார், நோயில்பூசுதல் பெற்றார், நெடுநாள் பேசாதிருந்த இளைய மருமகளை அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். வலி அவரிடமிருந்து பறித்திருந்த நேரத்தை மருந்து திருப்பிக் கொடுத்தது. இரண்டு மாதங்களுக்குப் பின் ஆண்டவரிடம் சென்றார்.

திருச்சபையின் போதனையில் இது புதிதன்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பெப்ருவரி 24 அன்று மயக்க மருந்து மருத்துவர்களுக்கு அளித்த விடையில், வேறு வழியில்லாதபோது, உணர்வையும் ஆயுளையும் ஓரளவு குறைக்கக்கூடிய மருந்தாயினும், மற்றக் கடமைகளுக்கு இடையூறு இல்லையாயின், வலியைத் தணிக்கத் தரலாம் என்றார். சாகடிக்கும் நோக்கத்தோடு தருவது வேறு, அது கொலை. 1980-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும் அதனையே உறுதி செய்து, வலியை விரும்பி ஏற்கும் வீரத்தை எல்லார்மேலும் சுமத்தலாகாது என்று எச்சரித்தது. நம் நாட்டிலும் 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பதற்கான விதிகள் எளிதாக்கப்பட்டன.

இதே மருந்துச்சாலை மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. தேவையின்றி வெளியிலிருந்து இன்பத்தைக் கொட்டினால் காவலர் தடுமாறிப்போகிறார்கள். கொக்கெயின் ஊட்டப்பட்ட எலிகளின் மூளையில் டைனார்ஃபினின் மரபணு மிகுதியாகப் படிக்கப்படுவதை ஆய்வாளர்கள் கண்டனர். தண்டுவடத்தில் வலியைத் தணிக்கும் அதே டைனார்ஃபின், மூளையில் இன்பத்தை அணைத்துச் சோர்வைப் பரப்புகிறது. போதைக்குப் பின் வரும் இருளுக்கு இது ஒரு காரணம். முதலில் மகிழ்ச்சிக்காகத் தொட்டவன், பின்னர் அவ்விருளிலிருந்து தப்புவதற்காகத் தொடுகிறான். மதுவும் எண்டார்ஃபின் மண்டலத்தைத் தொட்டே மயக்குகிறது. அதனால்தான் அந்தப் பூட்டை அடைக்கும் நால்ட்ரெக்ஸோன் என்னும் மருந்து குடியை விட விரும்புவோருக்குக் கொடுக்கப்படுகிறது. எனவே, குடியை விட முடியாமல் தவிப்பவனை மானமில்லாதவன் என்று ஏசுவதோடு நம் கடமை முடியாது. அவன் மனந்திரும்ப வேண்டும். அவன் மூளைக்கு மருத்துவமும் வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் செல்லும் கை யாருடையது? மனைவி ஒருத்தியிடமே அதனை விட்டுவிடலாகாது.

இறுதியாக ஒன்று. 1978-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் பல் பிடுங்கப்பட்ட நோயாளிகளுக்கு, மருந்தே இல்லாத வெற்று மருந்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. எண்டார்ஃபினைத் தடுக்கும் மருந்தைப் பின்னர் அவர்களுக்குக் கொடுத்தபோது வலி திரும்பிற்று. நலம் கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பே உடலின் மருந்துச்சாலையைத் திறந்துவிட்டிருந்தது. ஆறுதல் சொல் மாத்திரைக்கு மாற்று ஆகாது. ஆயினும், அதுவும் மருந்தோடு சேர்ந்து வேலை செய்கிறது. ஆகவே, அன்பான குடும்பங்களே, உங்கள் வீட்டில் வலியால் வருந்துபவர் இருப்பின், மருத்துவர் தந்ததை மறைத்து வைக்காதீர்கள். நேரத்தோடு கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாமல், கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அருகே அமர்ந்திருங்கள். அவருக்கு வாய் திறக்க இயலும்போது, அவரோடு சேர்ந்து ஒரு பத்து மணி செபமாலையாவது சொல்லுங்கள்.