திங்கட்கிழமை மேதைகள்

'ரேஸுக்குப் போவீர்களா?' என்று யாரையாவது நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். 'சேச்சே' என்பார்கள். கொஞ்சம் விட்டுப் பிடித்தால், 'எப்பவோ ஒரு தடவை, ஃப்ரெண்டு கூப்பிட்டான்னு போனேன்' என்று வரும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், ஜாக்கியின் எடையிலிருந்து குதிரையின் தாத்தா பெயர் வரை கொட்டிவிடுவார்கள். சொந்தக் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்த வாரம் ரேஸ் டிப்ஸ் பற்றி எழுதப்போகிறேன். டிப்ஸ் எதுவும் கொடுக்கப் போவதில்லை. பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள்.

ரேஸ் எழுத்தில் இரண்டு வகை உண்டு. ஓடுவதற்கு முன்னால் எழுதுவது டிப்ஸ். ஓடி முடித்த பின் எழுதுவது விமர்சனம். முதலாவது அடிக்கடி பொய்க்கும். இரண்டாவது பொய்க்கவே பொய்க்காது. 'கடைசி 200 மீட்டரில் மூச்சு வாங்கிவிட்டது', 'ஈரத்தரை ஒத்துக்கொள்ளவில்லை', 'ஜாக்கி அவசரப்பட்டுவிட்டார்' என்று காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். என்ன, அதே ஈரத்தரையில்தான் இன்னொரு குதிரை ஜெயித்திருக்கும்.

1967-ல் இங்கிலாந்தில் நடந்த கிராண்ட் நேஷனல் ரேஸைக் கேளுங்கள். வேலிகளைத் தாண்டி ஓடும் ரேஸ் அது. 44 குதிரைகள். ஃபாய்னவன் என்ற குதிரையை யாரும் சீந்தவில்லை. ஒன்றுக்கு நூறு விலை. அதன் சொந்தக்காரரே மைதானத்துக்கு வரவில்லை. 23-வது வேலியில், ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை குறுக்கே திரும்ப, முன்னால் வந்த குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி அப்படியே நின்றுவிட்டன. ரொம்பப் பின்தங்கி வந்த ஃபாய்னவனுக்கு மட்டும் சந்து கிடைத்தது. தாண்டிப் போய் ஜெயித்துவிட்டது. அந்த வேலிக்கு இன்று ஃபாய்னவன் என்றே பெயர். மறுநாள் இதற்கு அழகாக விமர்சனம் எழுதலாம். முந்தின நாள் டிப் எழுத, அந்தக் கடவுளே வந்திருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்.

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் ஒரு சீனியர் இருந்தார். திங்கட்கிழமை காலை டீ நேரம் அவருடைய தர்பார். ஞாயிற்றுக்கிழமை நடந்த ரேஸ்களை ஒவ்வொன்றாக அலசுவார். மூன்றாம் நம்பர் ஏன் ஜெயித்தது, ஃபேவரிட் ஏன் கவிழ்ந்தது என்று அவர் சொல்லிக் கேட்டால், 'அட, இது நமக்குத் தோணாமப் போச்சே' என்றிருக்கும். ஒரு ஜூனியர் பையன், 'சார், இதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே' என்று கேட்டுவிட்டான். 'சனிக்கிழமை தகவல் பத்தலப்பா' என்றார், சிரிக்காமல்.

சம்பள நாளன்று மதியமே அவர் மனைவி வந்து ஆபீஸ் வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார். யாரிடமும் பேசமாட்டார். சம்பளக் கவர் கைமாறியதும் ஆட்டோகூடப் பிடிக்காமல் நடந்து போய்விடுவார். எங்கள் ஆபீஸில் ரேஸைச் சரியாகக் கணித்த ஒரே ஆள் அந்த அம்மாதான் என்று நினைக்கிறேன்.

'அப்படியானால் ரேஸ் வெறும் அதிர்ஷ்டமா?' என்று கேட்பீர்கள். இல்லை. தமிழ்நாட்டில் ரேஸை ஒழிக்க 1974-ல் சட்டமே வந்தது. வழக்கு இழுத்து இழுத்து, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, அதைச் சூதாட்டம் என்று சொல்ல முடியாது. கிண்டி மைதானத்தின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்ததே, அது நிலத்தைப் பற்றிய தகராறு, வேறு கதை. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கை, இதிலெல்லாம் திறமை இருக்கிறது. வாஸ்தவம். ஆனால் அது குதிரையின் திறமை, ட்ரெய்னரின் திறமை. டிக்கெட் வாங்குகிற உங்களுக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி.

போதாது. ஏனென்றால் நீங்கள் குதிரையோடு போட்டி போடவில்லை. பக்கத்தில் டிக்கெட் வாங்குகிறவரோடு போட்டி போடுகிறீர்கள். சிட்னியில் இருந்த ஜார்ஜ் ஜூலியஸ் என்ற இன்ஜினீயர், ஓட்டு எண்ணுவதற்காக ஒரு இயந்திரம் யோசித்து வைத்திருந்தார். அரசாங்கம் வேண்டாம் என்றது. அதையே கொஞ்சம் மாற்றி, பந்தயப் பணம் எண்ணும் இயந்திரமாக 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓடவிட்டார். பொருத்தம்தான். டோட்டில் பணம் கட்டுவதும் ஒருவகை ஓட்டு. எல்லோர் பணமும் ஒரே பானையில் விழுகிறது. நிர்வாகமும் அரசும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சியதை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு குதிரைக்கு ஓட்டு அதிகமானால் ஆளுக்குக் கிடைப்பது குறையும்.

1973 ஜூனில் அமெரிக்காவின் பெல்மாண்ட் ரேஸில் செக்ரடேரியட் என்ற குதிரை 31 குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது. ஊருக்கே தெரிந்த டிப். 2 டாலர் கட்டியவருக்குத் திரும்பக் கிடைத்தது 2 டாலர் 20 சென்ட். 5,617 டிக்கெட்டுகளை யாரும் கொண்டுவந்து மாற்றவே இல்லை. 20 சென்ட் லாபத்தைவிட ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வது மேல் என்று தோன்றியிருக்கும். எல்லோருக்கும் தெரிந்த உண்மைக்குச் சந்தையில் அவ்வளவுதான் விலை.

பானையிலிருந்து எடுக்கும் பங்கு 100-க்கு 20 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சராசரி ஆள் 100 ரூபாயோடு ஆரம்பித்துத் திரும்ப வருவதையெல்லாம் மறுபடி கட்டினால் 80, 64, 51, 41 என்று இறங்கி ஐந்தாவது ரேஸ் முடிவில் 33 ரூபாய். இதற்குமேல் ஜி.எஸ்.டி. 28 சதவிகிதமாக இருந்ததை 2025 செப்டம்பரில் 40 ஆக்கிவிட்டார்கள். போதாததற்கு, ஹேண்டிகேப் ரேஸ்களில் நன்றாக ஓடும் குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்ற ஓர் அதிகாரி இருக்கிறார். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேரவேண்டும் என்பது அவர் லட்சியம். அதாவது உங்கள் டிப்பைப் பொய்யாக்குவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

'ஆனா சார், ஒருத்தர் அஞ்சு டிப் கொடுத்தார், அஞ்சும் ஜெயிச்சுது' என்கிறீர்களா? டெரன் பிரவுன் என்ற மேஜிக் கலைஞர் 2008-ல் பிரிட்டிஷ் டி.வி.யில் இதைச் செய்து காட்டினார். ஒரு பெண்ணுக்கு முன்கூட்டியே டிப் அனுப்பினார். வரிசையாக ஐந்து ரேஸ், ஐந்தும் பலித்தது. ஆறாவதுக்கு அந்தப் பெண் கடனெல்லாம் வாங்கி 4,000 பவுண்டு திரட்டிவிட்டார். அப்புறம்தான் குட்டு உடைந்தது. டிப் போனது ஒருவருக்கு அல்ல, 7,776 பேருக்கு. ஆறு குதிரை ஓடும் ரேஸில் ஆறு குழுக்களுக்கு ஆறு வேறு வேறு டிப். தோற்ற குழுக்களை விட்டுவிட்டு, மிஞ்சியவர்களை மறுபடி ஆறாகப் பிரித்தார். 1,296, 216, 36, 6, கடைசியில் ஒருவர். அந்த ஒருவர்தான் இந்தப் பெண். அவர் கண்ணில் அது தெய்வவாக்கு. மற்ற 7,775 பேர் அவர் கண்ணில் படவே இல்லை.

இன்று இதற்கு டி.வி.கூட வேண்டாம், ஒரு செல்போன் போதும். குதிரைக்குப் பதில் கிரிக்கெட், கிரிக்கெட்டுக்குப் பதில் ஷேர் என்று போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு மாறாது. வாசலில் வந்து நிற்கும் மனைவிதான் இப்போது இல்லை. சம்பளம் நேராக பேங்குக்குப் போய், அங்கிருந்து விரல் நுனியில் வெளியே போய்விடுகிறது. நிற்பதற்கு வாசலே கிடையாது.

ஆகவே, டிப்ஸில் நம்பிக்கை இருப்பவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் ஆள் தரும் டிப்ஸை ரேஸுக்கு முன்னால், தேதி போட்டு, பேனாவால் எழுதுங்கள். பக்கத்தில் கூட்டத்தின் ஃபேவரிட் எது என்றும் எழுதுங்கள். ஃபேவரிட் சுமாராக மூன்று ரேஸுக்கு ஒன்றில் ஜெயிக்கும், அது இலவசம். ஐம்பது ரேஸுக்குப் பைசா கட்டாமல், கட்டியதாக வைத்துக் கணக்குப் பாருங்கள். தோற்றதை அடிக்கக் கூடாது. காரணம் எழுதவும் கூடாது.

நோட்டுக்கெல்லாம் நேரமில்லை என்றால், அடுத்த தடவை 'ஷ்யூர் டிப்' என்று யாராவது காதைக் கடிக்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள். 'போன மாசம் குடுத்த டிப்ஸ் எல்லாத்தையும் காட்டுங்க சார், தோத்ததையும் சேர்த்து.'