பாத்தாமுக்கு ஆறு டிக்கெட்

சிங்கப்பூர்ல இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கா? வாழ்த்துகள்! ரெண்டாவது வாரமே ரூம்ல ஒருத்தன் கேட்பான்: "மச்சி, ஞாயித்துக்கிழமை பாத்தாம் போலாமா?" எங்க ரூம்லயும் கேட்டான். பாத்தாம் இந்தோனேசியாவைச் சேர்ந்த தீவு. ஹார்பர்ஃப்ரன்ட்ல ஃபெர்ரி ஏறினா சுமார் ஒரு மணி நேரம்தான். காலையில போய் ராத்திரி திரும்பிடலாம். ஏழு பேருக்கும் பிளான் போடுற வேலை என் தலையில விழுந்தது. அதுல நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல பாஸ்போர்ட். குறைஞ்சது ஆறு மாசமாவது செல்லுபடி இருக்கணும். அடுத்தது நேரம். பாத்தாம் கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னாடி ஓடும். திரும்புற ஃபெர்ரிக்கு எந்த ஊர் நேரம்னு எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.

எதைப் பார்க்கலாம்? எல்லாரும் மால்னு சொல்வாங்க. நாம இன்ஜினியருங்க, பாரெலாங் பாலத்தைப் பார்க்காம வரக் கூடாது. பாத்தாம், ரெம்பாங், காலாங் மூணையும் சேர்த்து வெச்ச பேர் அது. தீவுகளை இணைக்கிற மொத்தம் ஆறு பாலங்கள். முதல் பாலம் கேபிள்-ஸ்டேய்ட் வகை. நீளம் 642 மீட்டர், நடு ஸ்பான் மட்டுமே 350 மீட்டர். இந்தத் திட்டத்துக்குப் பின்னால இருந்தவர் ஹபீபி. விமானப் பொறியாளரா இருந்து, பிறகு அந்நாட்டு அதிபரானவர்.

இப்போ காசு. ஃபெர்ரி, வேன், சாப்பாடுன்னு அழகா எக்செல் ஷீட் போட்டேன். ஆனா நான் பார்த்த வீடியோ எல்லாம் சிங்கப்பூர்க்காரங்க எடுத்தது. அவங்களுக்கு விசா தேவையில்லை. நமக்குத் தேவை. விசா ஆன் அரைவல், ஆளுக்கு 5,00,000 ரூபியா. நம்ம காசுக்கு 2,500 ரூபாய்க்கு மேல! கிளம்ப மூணு நாள் இருக்கும்போதுதான் இது தெரிஞ்சது. ஷீட்ல ஒரு வரி சேர்த்து, "எல்லாருக்கும் ஓகேவா?"ன்னு குரூப்ல போட்டேன். அஞ்சு கட்டைவிரல் வந்தது.

அன்னிக்கு ராத்திரி 'நாகை' வந்தான். "நான் வரல மச்சி. எனக்குக் கடல் ஒத்துக்காது, வாந்தி வரும்."

அவன் ஊர் நாகப்பட்டினம். அப்பா கடலுக்குப் போறவர். லீவுல இவனும் கூடப் போவான்னு எங்க எல்லாருக்கும் தெரியும். இருந்தும் நான், "சரிடா, ரெஸ்ட் எடு"ன்னு சொல்லிட்டு ஆறு டிக்கெட் போட்டேன்.

ஃபெர்ரி ஆட ஆரம்பிச்சதும் எனக்குத்தான் குமட்டிச்சு. "நாகை இருந்தா உன்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பான்"னு ஒருத்தன் சொன்னான். யாரும் சிரிக்கல. எல்லாருக்கும் அப்போதான் உறைச்சிருக்கணும். பாலம் பிரமாதமா இருந்தது. எடுத்த போட்டோவை குரூப்ல போடத்தான் கை வரல.

ராத்திரி திரும்பினா, ஏழு பேருக்கும் சோறு வடிச்சு வெச்சிருந்தான். "பாலம் எப்படிடா இருந்துச்சு?"ன்னு கேட்டான். ஸ்டைபண்டை வீட்டுக்கு அனுப்பிட்டான்னு பிறகுதான் தெரிஞ்சது.

அதனால, பிளான் போடுறவங்களே, விசாவையும் சேர்த்து முழுக் கணக்கைப் போட்டுட்டு, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா போய்க் கேளுங்க. ஆறு பேர் பார்க்கிற குரூப்ல "என்கிட்ட காசில்ல"ன்னு யாரும் டைப் பண்ண மாட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஏழு பேரும் புலாவ் உபின் போனோம். சாங்கியிலிருந்து சின்னப் படகு, சில வெள்ளிதான். நாகை முன்னாடி உட்கார்ந்துக்கிட்டான். எனக்கு எலுமிச்சம்பழமும் அவன்தான் கொண்டு வந்திருந்தான்.