வண்டியின் நோயும் வழியின் நோயும்

ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்னும் கணக்கை எரிபொருள் சிக்கனம் என்பர். மும்பைத் தமிழர் பலர் இதனை 'ஆவரேஜ்' என்றே வழங்குவர். இந்தச் சிறிய எண்ணுக்குள் ஒரு குடும்பத்தின் வரவும் செலவும் அடங்கிவிடுவது உண்டு. எங்கள் குடும்பத்தில் அவ்வாறுதான் அடங்கியிருந்தது.

என் பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர்கள். இட்லி அவித்து விற்பது எங்கள் தொழில். அம்மா அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார். ஐந்தரை மணிக்கு அப்பா இட்லிப் பாத்திரங்களையும் சாம்பார்த் தூக்குகளையும் எங்கள் டீசல் காரில் ஏற்றிக்கொண்டு புறப்படுவார். மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள சில கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப 34 கிலோமீட்டர் ஆகும். மாதம் ஒன்றுக்கு 1,020 கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அந்தக் காரைப் பழைய வண்டியாகத்தான் அப்பா வாங்கினார். வாங்கிய நாள் முதல் ஒரு குறிப்பேடும் வைத்திருந்தார்.

2024 மார்ச்சில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, அவ்வாண்டு செப்டம்பரில் 12 கிலோமீட்டர்தான் கொடுத்தது. முன்பு மாதம் 60 லிட்டர் போதும்; இப்போது 85 லிட்டர் தேவைப்பட்டது. அந்நாளில் மும்பையில் டீசல் விலை லிட்டருக்கு ஏறத்தாழ 90 ரூபாய். ஆகவே மாதந்தோறும் 2,250 ரூபாய் கூடுதலாகச் செலவாயிற்று. தம்பியின் படிப்புக்கென்று அம்மா ஒதுக்கிவந்த தொகையும் ஏறக்குறைய அவ்வளவே.

வண்டியைப் பார்த்த ஒரு பணிமனையில், "நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும், 45,000 ரூபாய் ஆகும்" என்று கூறினர். அவ்வளவு பணத்திற்கு வழியில்லை. காரை விற்றுவிடலாமா என்று அப்பா எண்ணத் தொடங்கினார். கார் போனால் செம்பூர் வாடிக்கையும் போய்விடும் என்பதை நாங்கள் அனைவரும் அறிந்திருந்தோம்.

நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் பயின்றுகொண்டிருந்தேன். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான 'மருந்து', நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் அறிந்த பின்னரே அதைத் தணிக்கும் வழியை நாடவேண்டும் என அறிவுறுத்துகிறது. "அப்பா, விற்பதற்கு முன்னால் நோய் என்னவென்று பார்த்துவிடலாம்" என்றேன். அப்பா குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார்.

நோயை அறிய வேண்டுமானால் உடல் இயங்கும் முறையை அறிய வேண்டும். டீசல் இயந்திரத்தை உருவாக்கிய ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிசில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் பிழைப்புக்காக அங்கே குடியேறிய ஜெர்மானியர். 1870-இல் போர் மூண்டபோது அக்குடும்பம் பாரிசை விட்டு லண்டனுக்குச் செல்ல நேர்ந்தது. நம்மைப் போலவே அவரும் வேற்றூரில் வளர்ந்த பிள்ளைதான். 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இயந்திரம் வெற்றிகரமாக இயங்கிக் காட்டியது. அதற்குத் தீப்பொறி தேவையில்லை. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அவ்வாறே உருளைக்குள் காற்று மிகுதியாக அழுத்தப்பட்டுக் கடுமையாகச் சூடேறுகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எனவே போதிய காற்று, போதிய சூடு, சீரான தெளிப்பு ஆகிய மூன்றும் அதற்கு இன்றியமையாதவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் எண்ணெய் வீணாகும்.

குர்லாவில் சிறு பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் தூத்துக்குடிப் பக்கத்தவர். அப்பா அவரை 'அண்ணாச்சி' என்று அழைப்பார். அவர் முதலில் இயந்திர மூடியைத் திறக்கவே இல்லை. வண்டியின் பின்புறம் நின்று புகையைப் பார்த்தார். "கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு, அல்லது டீசல் மிகுதி. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை விடாமல் வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. உங்கள் வண்டியில் வருவது கறுப்பு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, செலவு குறைந்ததை முதலில் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். எது பலன் தந்தது என்று அப்போதுதான் தெரியும்" என்றார்.

அளவிடும் முறை எளிதானது. ஒரே பங்கில், குழாய் தானாக நிற்கும்வரை தொட்டியை நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொட்டி பெரும்பாலும் தீர்ந்தபின் மீண்டும் அவ்வாறே நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். முதல் அளவில் 360 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் சென்றிருந்தது. விடை 12.

முதலில் டயர்கள். 33 இருக்க வேண்டிய காற்றழுத்தம் இரண்டு சக்கரங்களில் 24 ஆக இருந்தது. காற்றுக் குறைந்த டயர் தரையில் அதிகமாகப் பதிந்து உருளும்; அதனை உருட்டக் கூடுதல் ஆற்றல் வேண்டும். காற்றை நிரப்பியபின் கணக்கு 12.4 ஆயிற்று. அடுத்துக் காற்று வடிகட்டி. அது தாராவிப் புழுதியால் அடைபட்டுச் சாம்பல் நிறமாக இருந்தது. புதியதைப் பொருத்தியதும் புகை பெரிதும் தணிந்தது, கணக்கு 12.8.

மூன்றாவதாக, வெப்பமானியின் முள்ளை அண்ணாச்சி சுட்டிக்காட்டினார். எவ்வளவு தூரம் ஓடியும் அது நடுப்பகுதிக்கு வரவில்லை. குளிர்விக்கும் நீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. அதனால் இயந்திரம் எப்போதும் தேவையான சூட்டை அடையாமலேயே உழைத்தது. சூடேறாத இயந்திரம் மிகுதியாக டீசல் குடிக்கும். அதனை மாற்றியபின் கணக்கு 13.6. நான்காவதாக, வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைக் கையால் சுழற்றினார். மூன்று சக்கரங்கள் எளிதாகச் சுழன்றன; பின்புற இடச் சக்கரம் மட்டும் உடனே நின்றது. மழைக்காலத் துருவினால் பிரேக் முழுமையாக விடுபடாமல் பற்றிக்கொண்டிருந்தது. அதைச் சீர்செய்தபின் கணக்கு 14.5 ஆக உயர்ந்தது. இந்நான்கிற்கும் ஏழு வாரங்களும் 3,800 ரூபாயும் ஆயின.

இன்ஜெக்டர்களையும் அவர் சோதிக்காமல் விடவில்லை. உள்ளே தேய்ந்த இன்ஜெக்டரிலிருந்து டீசல் மிகுதியாகக் கசிந்து, தொட்டிக்குத் திரும்பும் குழாயில் சேரும். நான்கு குழாய்களின் முனைகளிலும் நான்கு சிறு புட்டிகளைக் கட்டிச் சிறிது நேரம் இயந்திரத்தை ஓடவிட்டார். நான்கு புட்டிகளிலும் டீசல் குறைவாகவும் ஏறத்தாழ ஒரே மட்டத்திலும் நின்றது. "நான்கு பிள்ளைகளும் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார்கள். புகையும் தணிந்துவிட்டது. 45,000 ரூபாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஆயினும் 17 திரும்பவில்லை. எஞ்சிய குறை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிய, அன்றிரவு குறிப்பேட்டை மீண்டும் புரட்டினேன். மார்ச்சில் 17, மே மாதத்தில் 16, ஜூலையில் 14.5 என எண்கள் மெல்ல மெல்ல இறங்கியிருந்தன. ஆகஸ்டில் மட்டும் ஒரே வீழ்ச்சியாக 12. இயந்திரம் பெரும்பாலும் சிறிது சிறிதாகத்தான் தளரும். ஒரே நாளில் மாறக்கூடியது வேறு ஒன்று. அதுதான் சாலை.

தாராவிப் பக்கத்தையும் சயான் கிழக்கையும் இணைத்த சயான் ரயில்வே மேம்பாலம் நூறாண்டைக் கடந்த பழம்பாலம். அதனை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 முதல் போக்குவரத்தை நிறுத்தினர். அப்பாலத்தின் மீது சென்ற வண்டிகள் பலவும் சயான் மருத்துவமனைப் பக்கம் சுற்றிச் செல்லத் தொடங்கின. எங்கள் வண்டிக்குத் தொலைவு பெரிதாகக் கூடவில்லை. நிற்கும் நேரமே கூடியது. சிறிய டீசல் கார் நின்றபடி ஓடினாலும் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடிக்கும். நகராத வண்டி எரிக்கும் எண்ணெய்க்குக் கிலோமீட்டர் என்பதே இல்லை.

இதை உறுதிசெய்ய, இரண்டு வாரங்கள் அப்பா ஐந்தரைக்குப் பதிலாக நாலரை மணிக்கே புறப்பட்டார். சாலைகள் காலியாக இருந்தன. கணக்கு 16.5! எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இனி எப்போதும் நாலரைக்கே கிளம்பினால் மாதம் இன்னும் எட்டு லிட்டருக்கு மேல் மிச்சமாகும், அப்பா" என்றேன்.

அப்பா அடுப்பங்கரையைப் பார்த்தார். அந்த இரண்டு வாரங்களும் அம்மா இரண்டு மணிக்கே எழுந்திருந்தார். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடுவார். "எண்ணூறு ரூபாய்கூட வராது. அதற்காக உன் அம்மாவின் தூக்கத்தை எரிக்க வேண்டுமா? ஐந்தரைக்கே போகிறேன்" என்றார் அப்பா. "எனக்கொன்றும் சிரமமில்லை" என்று அம்மா கூறியதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று நெரிசலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் அப்பா இயந்திரத்தை அணைத்துவிடுகிறார். இப்போது கணக்கு 15. மாதம் 17 லிட்டர் மிச்சமாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறும் என்பதால், நகரின் காற்றுக்கும் அது நன்மையே. தம்பியின் கட்டணம் தவறாமல் கட்டப்படுகிறது. செம்பூர் வாடிக்கையும் நிற்கவில்லை.

பழைய வண்டி எண்ணெய் மிகுதியாகக் குடித்தால் உடனே அதன் இதயத்தில்தான் நோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பாதி நோய் டயரிலும் வடிகட்டியிலும் இருக்கலாம். மீதி நோய் வழியில் இருக்கலாம். அளந்து பார்த்தால் ஒவ்வொன்றின் பங்கும் விளங்கும். ஆனால், மிச்சப்படுத்துவதற்காக வீட்டில் யார் எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்பதை எந்த மீட்டரும் காட்டாது. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே. எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் 16.5 என்னும் எண்ணின் எதிரே அப்பா எழுதி வைத்திருக்கும் சொற்கள் இரண்டே: 'இது வேண்டாம்.'