பூப்போடும் பொம்மை

இமயமலையில் இருக்கும் உத்தராகண்டில் 'பூல் தேயி' என்று ஒரு பண்டிகை. அநேகமாக நமக்குப் பங்குனி பிறக்கிற அதே நாளில் வரும். சின்னப் பிள்ளைகள் காலையிலேயே கூடையோடு கிளம்பிப் பூப்பறித்து, ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் வைத்து, இந்த வீடு நல்லா இருக்கட்டும் என்று பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் அரிசியும் வெல்லமும் கொடுப்பார்கள். அவ்வளவுதான் பண்டிகை!

பூவில் முடிகிற விழா ஒன்று நம்ம திருவையாற்றிலும் உண்டு. பெயர் சப்தஸ்தானம். ஊர்க்காரர்களுக்கு அது 'ஏழூர்'.

கதை இதுதான். பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். விருந்துக்குச் சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து, பழம் திருப்பழனத்திலிருந்து, வேதம் ஓதுகிறவர்கள் திருவேதிகுடியிலிருந்து, நெய் தில்லைஸ்தானத்திலிருந்து வந்ததாம். பூ? பெயரிலேயே பூ இருக்கிற திருப்பூந்துருத்தியிலிருந்து! உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்ல, சித்திரையில் ஐயாறப்பர் பொண்ணு மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பல்லக்கில் கிளம்புகிறார். திருக்கண்டியூரையும் சேர்த்து ஆறு ஊர்.

மேட்டூர் அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் விடாத மாதம் அது. பெரும்பாலும் வறண்டு கிடக்கிற காவிரி, குடமுருட்டி மணலில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும். பல்லக்குக்குச் சக்கரம் கிடையாது, தோள்தான். போகிற ஊரிலெல்லாம் அந்த ஊர்ப் பல்லக்கும் சேர்ந்துகொள்ளும். மறுநாள் ஏழு பல்லக்கும் திருவையாறு தேரடிக்கு வந்து சேரும். அங்கே ஒரு பொம்மை சாமிக்குப் பூப்போடும். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம்! பூப்போட்டு முடிந்ததும் மற்ற பல்லக்குகள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும்.

உத்தராகண்டில் 2011க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளே இல்லாமல் போய்விட்டதாக அந்த மாநில இடம்பெயர்வு ஆணையத்தின் 2018 அறிக்கை சொல்கிறது. வேலை தேடி, படிப்பு தேடி, ஆஸ்பத்திரி தேடி மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். காட்டில் பூ வழக்கம்போல் பூக்கும். பறிக்கப் பிள்ளையும் இல்லை, கதவு திறந்து வெல்லம் கொடுக்க ஆளும் இல்லை.

டெல்டாப் பிள்ளைகளும் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பல்லக்குக்குத் தோள் வேண்டும். பொம்மையும் தானாகப் பூப்போடாது, ஆட்டிவைக்க யாராவது ஊரில் இருக்க வேண்டும்.

வருகிற சித்திரையில் லீவு கிடைத்தால் தேரடிப் பக்கம் ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன். முடிந்தால் பல்லக்குக்குக் கொஞ்ச தூரம் தோள் கொடுங்கள்!