பிள்ளை மடுவத்து ஆசிரியை

பிள்ளை மடுவத்தின் கதவு திறவாவிடில் தாய்மார் கொழுந்து மலைக்கு ஏற முடியாது. கொழுந்து இறங்காவிடில் தொழிற்சாலை ஓடாது. எனினும், பறித்த கொழுந்தைக் கிலோக் கணக்கில் பதியும் தோட்டத்தில், மடுவத்துக்குள் நாள் முழுதும் நடக்கும் உழைப்பை மதிப்பிட அளவுகோல் இல்லை.

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் முதலாந் தரத்துக்குக் கற்பிக்கும் நாம் அவ்வுழைப்பின் பயனை ஆண்டுதோறும் பெறுகிறோம். கதை கேட்கவும், பாட்டுப் பாடவும், பென்சில் பிடிக்கவும், பிறரோடு பகிர்ந்துண்ணவும் பழகிய பிள்ளை நம்மிடம் வருகிறது. பழக்கியவர் யார்? லயத்து மக்கள் அவரை 'ஆயா' என்பர்; கம்பனி ஏடுகள் 'சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்' என்னும். பெயர் வளர்ந்த அளவுக்கு ஊதியம் வளரவில்லை. முன்பள்ளி ஆசிரியையின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பெற்றோர் தரும் மாதக் கட்டணமும் சிறு கொடுப்பனவுமே அவர் வருவாய். தாய்க்கு அரைப்பேர் விழுந்த மாதத்தில் ஆசிரியைக்கும் அரைவயிறுதான். வறியவரின் பிள்ளைக்குக் கற்பிப்பவர் வறுமையையே ஊதியமாகப் பெறுவது என்ன நீதி?

1945இல் வந்த இலவசக் கல்வி ஐந்து வயதில்தான் பிள்ளையை ஏற்கிறது. கட்டாயக் கல்வியும் ஐந்திலிருந்து பதினாறு வயது வரையே. அதற்கு முந்திய காலம் தாயன்பின் பொறுப்பாம். அன்புக்குக் கூலி பேசலாகாதாம்! மருத்துவரிடமும் நாம் அன்பை எதிர்பார்க்கிறோம்; அதற்காக அவர் சம்பளத்தைக் குறைப்பதில்லையே.

நம் வரலாற்றையும் நாம் மறக்கலாகாது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். அதுவரை தோட்டத்து ஆசிரியர் நிருவாகத்தின் தயவை நம்பியே வாழ்ந்தார். பெண் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்துக்குச் சமமானதும் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே. இவ்விரண்டும் எவரும் இரங்கி ஈந்தவை அல்ல.

இந்தியாவிலும் அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியமே என்று சொல்லப்பட்டு வந்தது. 2022 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கும் பணிக்கொடை உரியதெனத் தீர்ப்பளித்தது. சொல்லை மாற்றி உழைப்பை மறைக்கும் வித்தை அங்கே நீதிமன்றத்தில் தோற்றது.

நாம் கேட்பது சலுகையன்று. நியமனக் கடிதம், பயிற்சிக்கேற்ற சம்பளத் திட்டம், சேமலாப நிதி, ஓய்வுக்காலப் பாதுகாப்பு ஆகியவை எந்தத் தொழிலுக்கும் உரியவை. இக்கோரிக்கையை மடுவத்துப் பெண்கள் தனித்து எழுப்பினால் எளிதில் அடக்கிவிடுவர். ஆசிரியர் சங்கங்கள் அவர்களைத் தம் இனத்தவராக ஏற்க வேண்டும். தோட்டத் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும். மாணவ நண்பர்களே, எழுத்தறிவித்தவரைப் போற்றும் நாம், அவ்வெழுத்துக்குக் கையைப் பழக்கியவரை வாசலில் நிறுத்தலாமா?