பெயரும் எண்ணும்

சென்ற விடுமுறையில் வஹகோட்டையிலுள்ள என் இல்லத்துக்கு நண்பர் ஒருவர் வந்திருந்தார். நம் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து பயின்றவர். இப்பொழுது ஸ்கொட்லாந்து தேசத்தில் வாழ்பவர். அவர் குடியிருக்கும் கிராமத்து உழவுக் கூலியாளர் குடும்பமொன்றைப் பற்றிய பழைய குடிசனக் கணக்கேடுகளின் படிகளை எனக்குக் காட்டினார்.

அந்நாட்டில் 1841ஆம் ஆண்டு தொடக்கம் பத்தாண்டுக்கொரு முறை ஒவ்வொருவரையும் பெயர் குறித்தே கணக்கெடுத்துள்ளனர். 1851 முதல் குடும்பத் தலைவனுக்கு அவர் என்ன முறையினர், எங்கே பிறந்தவர் என்பனவும் இடம்பெற்றன. 1861இல் வீட்டிலே சாளரமுள்ள அறைகள் எத்தனை என்றும் வினவினர். நூறாண்டு கழிந்தபின் எவரும் அவ்வேடுகளைப் பார்க்கலாம்.

நான் கண்ட குடும்பத்தில் மூத்த மகன் ஒரு கிராமத்திலும், அடுத்தவள் வேறொன்றிலும், இளையவன் மூன்றாவதொன்றிலும் பிறந்திருந்தனர். காரணம் கேட்டேன். கூலியாளரை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோதான் அமர்த்துவராம். மே மாதமும் நவம்பர் மாதமும் வந்தால், தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றிக்கொண்டு வேறு பண்ணை தேடிப் போவராம். பிள்ளைகள் பிறந்த ஊர்களைக் கொண்டே தந்தை அலைந்த வழியை அறியலாம்.

அப்பொழுது என் உள்ளம் என் முன்னோரை நாடியது. இலங்கையின் முதலாவது குடிசனக் கணக்கெடுப்பு 1871 மார்ச்சு 27ஆம் நாள் நடைபெற்றது. அடுத்த வாரமே ஸ்கொட்லாந்திலும் கணக்கெடுத்தனர். இரு நாட்டுக்கும் ஒரே மகாராணியார். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த நம்மவரும் அந்நாளில் எண்ணப்பட்டனர். ஆனால் அக்கணக்கின் அச்சிட்ட அட்டவணைகளில் நாம் காண்பன ஆண் இத்தனை, பெண் இத்தனை என்னும் தொகைகளே. பெயர்கள் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தன. அதுவோ சம்பளத்துக்காக எழுதப்பட்ட ஏடு.

பெயர் இல்லாமையின் விலையை 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்கள் வந்தபோது நம்மவர் கண்டனர். 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததைக் காட்டவேண்டும் என்றனர். என் பாட்டனாரும் விண்ணப்பித்தார். அவரிடமிருந்த கடதாசிகள் மூன்று. ஒன்றில் அவர் பெயர் ‘ஐயா’ என முடிந்தது. மற்றொன்றில் ‘அன்’ என முடிந்தது. மூன்றாவதில் முதலெழுத்தே வேறு. மூவரும் ஒருவரல்லர் என்று விண்ணப்பத்தைத் தள்ளினர். ஒரு மரியாதை விகுதியை எழுதுவினைஞர் ஒருவர் விட்டுவிட்டமையால், இம்மண்ணில் பிறந்தவர் நாடற்றவராகவே கண்மூடினார். என் தந்தையார் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசையானார்.

அத்தந்தையார் என்னை நம் கல்லூரியில் சேர்க்க வந்த நாளை யான் மறந்திலேன். இடாப்பைத் திறந்த ஆசிரியர், எழுதுகோலை உடனே ஓட்டவில்லை. “ஐயா, உங்கள் பெயரை எப்படி எழுதவேண்டும்?” என்று கேட்டார். என் தந்தையார் திகைத்து நின்றார். அவ்வாறு அவரை எவரும் அதுவரை கேட்டதில்லை. பின்னர் மெல்லச் சொன்னார். சொன்னவாறே ஆசிரியர் எழுதி, உரக்க வாசித்தும் காட்டினார். வீடு திரும்பும் வழியெல்லாம் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. என் கையை மட்டும் விடாது பற்றியிருந்தார்.

இன்று யானும் தமிழாசிரியன். சேர்வு நாளில் ஒவ்வொரு பெற்றாரிடமும் அதே வினாவைக் கேட்டே இடாப்பில் எழுதுகிறேன்.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்து முதியோர் உயிரோடிருக்கும்போதே, அவர்தம் பெற்றோர் பெயர், பிறந்த தோட்டம், இடம்பெயர்ந்த தோட்டங்கள் ஆகியவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்களை எறிந்துவிடாதீர்கள். நம் கல்லூரி தன் பழைய இடாப்புகளைச் செல்லரிக்காமற் காத்தல் வேண்டும். நம்மவர் பலருக்கு, அவர் சொன்னபடியே பெயர் எழுதப்பெற்ற முதல் ஏடு அதுவே.