இண்டென்ட் என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘இண்டென்ட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. வரியின் தொடக்கத்தில் சற்று இடம் விட்டு எழுதுவதே அதன் பொருள் என்பர் பள்ளிப் பிள்ளைகள். ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்கோ அது வேறு பொருள் தரும். காகிதம் முதலிய சாமான்கள் வேண்டுமாயின் ஸ்டோர்ஸுக்கு ‘இண்டென்ட்’ போடுகிறோம். சரக்கு அனுப்பும் வியாபாரியும் வாகன்களுக்கு இண்டென்ட் கொடுக்கிறார்.

இச்சொல்லின் வேர், பல்லைக் குறிக்கும் ‘டென்ஸ்’ என்ற லத்தீன் சொல். முற்கால இங்கிலாந்தில் இருவர் உடன்படிக்கை செய்துகொண்டால், ஒரே தோலில் அதனை இருமுறை எழுதி, நடுவே ரம்பப் பற்களைப் போல் வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வர். பின்னர் வழக்கு எழுந்தால் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பர். பல்லோடு பல் பொருந்தினால் பத்திரம் மெய், இல்லையேல் பொய். அங்ஙனம் வெட்டுவதே ‘இண்டென்ட்’ செய்தல். வெட்டிய பத்திரம் ‘இண்டென்ச்சர்’ எனப்பட்டது. இருவரிடமும் சரிபாதி இருத்தலே அதன் அறம்.

கடல் கடந்த நம்மவர் விஷயத்தில் அந்த அறம் நிலைக்கவில்லை. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றோர் ஐந்தாண்டு இண்டென்ச்சரில் கட்டுண்ட கூலிகள். முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். கரும்புத் தோட்டங்களில் மட்டுமன்றி, அந்நாட்டு ரயில்வேயிலும் அவர்கள் உழைத்தனர். சாமானுக்கு நாங்கள் எழுதிக் கேட்பது போலவே, இத்தனை ஆட்கள் வேண்டுமென்று முதலாளிகள் எழுதிக் கேட்டுப் பெற்றனர். சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டு நீங்கினால் அது சிவில் வழக்கு. இண்டென்ச்சர் கூலி நீங்கினாலோ கிரிமினல் குற்றம்!

1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, உடைந்த இரண்டு முன்பற்களும் குருதி ஒழுகும் வாயுமாக, டர்பனில் வக்கீலாயிருந்த காந்தியடிகளிடம் வந்து நின்றார். அடித்தவர் அவருடைய எஜமானர். காந்தியடிகள் முயன்று அவரது ஒப்பந்தத்தை வேறொரு எஜமானருக்கு மாற்றச் செய்தார்.  இம்முறையில் ஆள் அனுப்புவது 1917-இல்தான் இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் பிழைக்க வந்த நம் முன்னோரை அத்தகைய பத்திரம் பிணைக்கவில்லை. ஆயினும் இன்று நம் பிள்ளைகள் கடல் கடந்த வேலைகளுக்கு ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகின்றனர். அன்பர்களே, அதனை முழுதும் படித்துணர்ந்த பின்னரே அவர்கள் கையொப்பமிடட்டும். படிக்க இயலாதோர்க்குச் சங்கத்தில் கற்றவர்கள் படித்துச் சொல்லட்டும். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று கட்டாயம் நம் வீட்டுப் பெட்டியிலும் இருத்தல் வேண்டும்.